தேன்கூட்டின் ஆவி: சொல்லாமையும் ஒரு குழந்தையின் கேள்வியும்

முன்னுரை

சர்வாதிகாரத்தைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் பெரும்பாலும் சிறைக்கூடம், விசாரணை அறை, போர்க்களம் ஆகியவற்றைத் தம் களமாகக் கொள்கின்றன. அடக்குவோரும் அடக்கப்படுவோரும் எதிரெதிர் நிற்க, தாம் யார் பக்கம் என்பதைப் பார்ப்போர் எளிதில் தேர்ந்துகொள்கின்றனர். ஸ்பெயின் நாட்டு இயக்குநர் விக்டர் எரிசே 1973இல் உருவாக்கிய 'தேன்கூட்டின் ஆவி' இவ்வழக்கினின்றும் வேறுபட்டது. இதில் சர்வாதிகாரி கதைமாந்தராக வருவதில்லை. அவரது ஆட்சி குறித்த விவாதம் எதுவும் நிகழ்வதில்லை. ஒரு சிற்றூர், ஒரு பெரிய வீடு, பேச்சற்ற பெற்றோர், இரு சிறுமியர், அவ்வூருக்கு வந்துசேரும் ஒரு திரைப்படம், வழிதவறி வந்து மறையும் ஒரு மனிதன் ஆகிய இவற்றைக்கொண்டே படம் இயங்குகின்றது.

இப்படத்தை ஆராய்ந்தோர் பலரும் இதனை ஓர் அரசியல் உருவகமாகவே விளக்கியுள்ளனர். தேன்கூடு என்பது பிராங்கோவின் ஸ்பெயின், பூதம் என்பது ஒடுக்கப்பட்ட எதிர்ப்பு என ஒன்றுக்கு ஒன்று பொருத்திக் காட்டுவது அவ்விளக்கத்தின் இயல்பு. இவ்விளக்கம் படத்தின் ஒரு பகுதிக்கு மட்டுமே பொருந்துகின்றது என்பதும், படத்தின் மௌனத்தைத் தணிக்கைக்கு அஞ்சிய மறைப்பாக மட்டும் கொள்ள இயலாது என்பதும், அம்மௌனமே போருக்குப்பின் பிறந்த தலைமுறையின் வாழ்நிலை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். இதனை நிறுவத் தொல்காப்பியம் கூறும் உள்ளுறை, இறைச்சி, மெய்ப்பாடு ஆகிய கருத்தாக்கங்கள் துணையாகக் கொள்ளப்படுகின்றன. தமிழ்ச் செய்யுளை நோக்கி எழுந்த இக்கருத்தாக்கங்களை வேற்று நாட்டுத் திரைப்படத்திற்கு இலக்கணமாக விதிப்பது நோக்கமன்று. குறிப்பால் பொருள் உணர்த்தும் முறைகளுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகளை அவை பிரித்துக் காட்டுகின்றன என்பதே அவற்றை இங்குப் பயன்கொள்ளக் காரணம்.

படமும் காலமும்

ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் 1936 சூலையில் தொடங்கி 1939 ஏப்ரல் முதல் நாளில் முடிவுற்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசு வீழ்ந்தது. பிரான்சிஸ்கோ பிராங்கோ ஆட்சியைக் கைப்பற்றி, 1975 நவம்பர் 20இல் இறக்கும்வரை அதிகாரத்தில் இருந்தார். தோற்றவருள் பெருந்தொகையினர் எல்லை கடந்து பிரான்சுக்குச் சென்றனர். எஞ்சியோருள் பலர் கொல்லப்பட்டனர், பலர் சிறைப்பட்டனர், மிகப் பலர் வாய்மூடி வாழ்ந்தனர்.

படத்தின் கதை காஸ்தீல் பீடபூமியில், ஏறத்தாழ 1940ஆம் ஆண்டில் நிகழ்வதாகத் தொடக்க எழுத்துகள் அறிவிக்கின்றன. அவ்வறிவிப்புக்கு முன்னர், குழந்தைக் கதைகள் தொடங்கும் முறையில், முன்னொரு காலத்தில் என்னும் தொடரும் இடம்பெறுகின்றது. கதையின் காலமின்மையும் வரலாற்றின் ஆண்டுக்கணக்கும் இவ்வாறு அருகருகே வைக்கப்படுகின்றன. எரிசே பிறந்த ஆண்டும் 1940 என்பது கருதத்தக்கது. போரை நேரில் காணாமல், அதன் நிழலில் மட்டும் வளர்ந்த தலைமுறையைச் சார்ந்தவர் அவர். ஆகவே இப்படம் போரைப் பற்றிய நினைவு அன்று. போரைப் பற்றித் தமக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்பதைப் பற்றிய நினைவாகும்.

எரிசே ஆன்ஹெல் பெர்னாண்டஸ் சாந்தோஸுடன் இணைந்து திரைக்கதை எழுதினார். தயாரித்தவர் எலியாஸ் கெரெஹேத்தா. அவர் கார்லோஸ் சௌராவின் 'வேட்டை' (1966) முதலிய படங்களின்வழி, குறிப்பால் பேசும் திரைப்பட மரபு ஒன்றை அந்நாட்டில் வளர்த்தவர். லூயிஸ் குவாத்ராதோ ஒளிப்பதிவு செய்தார். லூயிஸ் தே பாப்லோ இசையமைத்தார். செகோவியா மாநிலத்தின் ஒயுவேலோஸ் என்னும் சிற்றூரில் படப்பிடிப்பு நடந்தது. எரிசேயின் முதல் முழுநீளப் படமான இது, 1973இல் சான் செபாஸ்தியான் திரைப்பட விழாவில் தலைமைப் பரிசான தங்கச் சிப்பியைப் பெற்றது. அப்போது பிராங்கோ உயிருடன் இருந்தார். தணிக்கையும் நடைமுறையில் இருந்தது. அந்நாட்டுத் திரைப்படத் தணிக்கை 1977இல்தான் நீக்கப்பட்டது. லூயிஸ் புனுவேலின் 'விரிதியானா' 1961இல் கான் விழாவின் உயரிய பரிசைப் பெற்றும், 1977வரை தன் நாட்டில் திரையிடப்படாமல் கிடந்தது. எரிசேயின் படம் தோன்றிய சூழலை இச்செய்தி ஒன்றே தெளிவாக்கும்.

காட்டப்படாத காட்சியும் எழும் கேள்வியும்

ஊருக்குள் ஒரு சரக்கு வண்டி நுழைகின்றது. ஊர் முகப்பின் சுவரில் ஆட்சிக் கட்சியான ஃபலாஞ்சேயின் நுகமும் அம்புக்கட்டும் பொறிக்கப்பட்டுள்ளன. வண்டியில் வந்திருப்பது ஜேம்ஸ் வேல் இயக்கி, போரிஸ் கார்லாஃப் பூதமாக நடித்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1931). ஊர்ப் பொதுக்கூடத்தில், தத்தம் வீட்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டு, மக்கள் அதனைப் பார்க்கின்றனர். அக்கூட்டத்தில் அனாவும் அவளது அக்காள் இசபெலும் உள்ளனர்.

ஏரிக்கரையில் சிறுமி ஒருத்தி பூதத்தைக் கண்டு அஞ்சாமல் அதற்குப் பூக்களைத் தருகின்றாள். இருவரும் பூக்களை நீரில் மிதக்கவிட்டு விளையாடுகின்றனர். அடுத்து, இறந்துபோன அச்சிறுமியை அவளது தந்தை கைகளில் ஏந்தி ஊருக்குள் நடந்து வருகின்றார். இவ்விரண்டுக்கும் இடையில் நிகழ்ந்தது அனாவுக்குக் காட்டப்படுவதில்லை. வேலின் படத்தில், பூக்கள் தீர்ந்த பின்னர்ச் சிறுமியும் பூவைப்போல் மிதப்பாள் என எண்ணிப் பூதம் அவளை நீரில் எறியும் காட்சி எடுக்கப்பட்டிருந்தது. கொடுமை எனக் கருதப்பட்டு அது பல படிகளிலிருந்து வெட்டப்பட்டது; 1980களில் மீட்கப்பட்ட படிகளில்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. வெட்டியவர்கள் கொடுமையைக் குறைக்க எண்ணினர். விளைவோ நேர்மாறானது. அறியாமையால் நிகழ்ந்த இறப்பு, காரணம் தெரியாத கொலையாக மாறியது.

அனாவின் கேள்வி இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கின்றது. அது அச்சிறுமியை ஏன் கொன்றது என்றும், பின்னர் அதனை ஏன் கொன்றார்கள் என்றும் அவள் அக்காளிடம் வினவுகின்றாள். வினா ஒன்றன்று, இரண்டு என்பதைக் கருத வேண்டும். முதல் வினா கொலையைப் பற்றியது. இரண்டாவது, கொலைக்குத் தண்டனையாக நிகழ்ந்த கொலையைப் பற்றியது. வென்றவர் தோற்றவரைத் தண்டித்துக்கொண்டிருந்த 1940ஆம் ஆண்டின் ஸ்பெயினில் எந்தப் பெரியவரும் வாய்விட்டுக் கேட்க இயலாத வினாக்கள் இவை. அரசியல் எதனையும் அறியாத ஆறு வயதுச் சிறுமி, பூதத்தைக் குறித்து இவற்றைக் கேட்டுவிடுகின்றாள். காரணத்தை வெட்டி எடுத்துவிட்டு விளைவை மட்டும் காட்டும் ஒரு நாட்டில் வளரும் குழந்தைக்குக் கேள்வி எவ்வாறு தோன்றும் என்பதற்கு இதனினும் செறிந்த காட்சி அரிது.

இக்காட்சி படமாக்கப்பட்ட முறையும் இங்குக் கருதத்தக்கது. அனாவாக நடித்த அனா தொரெந்த் 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தை உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் முகம் பதிவுசெய்யப்பட்டது. வாய் சற்றுத் திறக்க, இருக்கையிலிருந்து முன்சாயும் அவ்வசைவு நடிப்பன்று. படத்தின் ஆவணத்தன்மை கொண்ட கணம் அது. கதைமாந்தர் நால்வருக்கும் நடித்தோரின் பெயர்களே இடப்பட்டுள்ளன. ஒருவரைத் தம் பெயரன்றி வேறொரு பெயரால் அழைப்பது சிறுமிக்குப் புரியாமல் போனமையால் இவ்வாறு அமைந்தது என்பர். மெய்க்கும் புனைவுக்கும் இடையிலான எல்லையைக் குழந்தை இன்னும் வரையவில்லை என்னும் உண்மையின்மேல்தான் படம் முழுவதும் கட்டப்பட்டுள்ளது.

தேன்கூடு: உள்ளுறையின் எல்லை

வெளிப்படக் கூறாமல் கருப்பொருளின்வழியே வேறொரு பொருளைப் பெறவைப்பது உள்ளுறை உவமம். நிலத்து நிகழ்ச்சியின் ஒவ்வோர் உறுப்பும் மாந்தர் நிலையின் ஓர் உறுப்போடு ஒத்துச் செல்வது அதன் இயல்பு. இப்படத்தில் தேன்கூடு உள்ளுறையாக அமைந்துள்ளது என்பதில் ஐயமில்லை. தந்தை பெர்னாண்டோ தேனீ வளர்ப்பவர். வீட்டினுள் கண்ணாடியால் ஆன தேன்கூடு ஒன்றை வைத்து, இரவெல்லாம் அதனைக் கண்டு குறிப்பெழுதுகின்றார். அவர் எழுதும் பகுதி மாரிஸ் மாத்தர்லிங்க் 1901இல் வெளியிட்ட 'தேனீயின் வாழ்க்கை' நூலிலிருந்து பெற்றது. படத்தின் தலைப்பும் அந்நூலின் தொடரொன்றிலிருந்தே எடுக்கப்பட்டது. ஓயாத உழைப்பையும் ஓய்வறியாத அடுக்கு ஒழுங்கையும் கண்ணாடியின்வழி கண்ட ஒருவர் துயரம் கலந்த திகிலுடன் முகம் திருப்பிக்கொண்டதை அப்பகுதி பேசுகின்றது. வீட்டின் சன்னல்கள் அறுகோணக் கண்ணறைகளாகப் பகுக்கப்பட்டு, தேன்நிறக் கண்ணாடி பொருத்தப்பட்டுள்ளன. அவற்றின்வழி விழும் மஞ்சள் ஒளியில் மாந்தர் தனித்தனி அறைகளில் அடைபட்ட உயிர்களாகத் தோன்றுகின்றனர். உழைப்பும் ஒழுங்கும் உண்டு, உரையாடல் இல்லை என்னும் நாட்டின் நிலைக்கு வீடு உள்ளுறையாகின்றது.

ஆயினும் இவ்வொப்புமையை முற்ற நிறைவேற்ற முயன்றால் அது முறிந்துவிடுகின்றது. கூட்டின் மேல் அதிகாரம் செலுத்துபவர் பெர்னாண்டோ. அவ்வகையில் அவர் ஆள்வோருக்கு ஒப்பாகின்றார். அதே பெர்னாண்டோ அறுகோணச் சன்னலுக்குள் அடைபட்ட தேனீயும் ஆகின்றார். குடும்பத்தின் நிழற்படத் தொகுப்பை அனா புரட்டும்போது, இளமையில் அவர் மிகெல் தே உனாமுனோவுடன் இருக்கும் படம் வருகின்றது. சலமான்கா பல்கலைக்கழகத் தலைவராக இருந்த உனாமுனோ, 1936 அக்டோபரில் பிராங்கோ தரப்பினரின் அவையிலேயே அவர்களைக் கண்டித்துப் பேசி, பதவி இழந்து, வீட்டுக்காவல் நிலையில் அவ்வாண்டின் இறுதி நாளில் இறந்தவர். அத்தகைய அறிஞர் வட்டத்தைச் சார்ந்தவர் இப்போது தேனீக்களை மட்டும் நோக்கி வாழ்கின்றார். அவரை அடக்குபவர் எனவும் கொள்ள இயலாது. அடக்கப்பட்டவர் என மட்டும் கொள்ளவும் இயலாது. ஒன்றுக்கு ஒன்று பொருத்தும் உருவக விளக்கம் இவ்விடத்தில் தடுமாறுகின்றது.

பூதத்தைப் பொருத்தும்போது தடுமாற்றம் மேலும் மிகுகின்றது. ஆட்சியாளரின் பரப்புரையில் பூதமாகத் தீட்டப்பட்டவர்கள் குடியரசுவாதிகள். ஆட்சியை எதிர்த்தோருக்கோ பூதம் ஆட்சியே. அனாவின் பூதம் இவ்விரண்டும் அன்று. அது பூக்களை ஏற்றுக்கொண்டது, கொன்றது, கொல்லப்பட்டது. ஆகவே அது தனித்திருக்கும் ஓர் உயிர். உள்ளுறைக்கு நிலைக்களனாகும் கருப்பொருள்களுள் தெய்வத்தைத் தொல்காப்பியம் விலக்குகின்றது. விலங்கும் மரமும் புள்ளும் மாந்தர் நிலைக்கு உறுப்புக்கு உறுப்பு ஒத்துவரும். தெய்வம் அவ்வாறு அளவுபட்டு நிற்பதில்லை என்பது இவ்விலக்கின் கருத்தாகலாம். தேன்கூடு உள்ளுறைக்கு அடங்க, ஆவி அடங்காமல் நிற்பதும் இத்தகையதே. ஆவியின் பொருள் ஒப்புமையால் பெறப்படுவதன்று. காட்சிக்குப் புறத்தே, அதனை ஒட்டி எழுவது. அதனை இறைச்சியின்பாற்படுத்திக் காண்பதே பொருத்தமாகும். இறைச்சியை விளக்குவதில் உரையாசிரியர்கள் தம்முள் வேறுபட்டாலும், கூறப்பட்ட பொருளுக்குப் புறத்ததாய்த் தோன்றும் குறிப்பு என்பது பொதுவாகக் கொள்ளத்தக்கது. தேன்கூடு என்னும் தலைப்புச் சொல் அடக்கத்தைக் குறிக்க, ஆவி என்னும் தலைப்புச் சொல் அடங்காமையைக் குறிக்கின்றது எனலாம்.

பெரியோரின் சொல்லாமை

தாய் தெரேசா கடிதங்கள் எழுதுகின்றாள். யாருக்கு என்பது தெளிவாக்கப்படுவதில்லை. போரால் பிரிந்து, எல்லைக்கு அப்பால் சென்ற ஒருவருக்கு எனக் கொள்ளச் சான்றுண்டு. கடிதம் சென்று சேருமா என்பது அவளுக்கே தெரியாது. வீட்டின் சுவர்கள் மட்டுமே எஞ்சியுள்ளன, வாழ்க்கையை உணரும் ஆற்றல் போய்விட்டது என்னும் கருத்துப்பட அவள் எழுதுகின்றாள். மிதிவண்டியில் தொடர்வண்டி நிலையத்திற்குச் சென்று, நின்றிருக்கும் வண்டியின் அஞ்சற்பெட்டியில் கடிதத்தை இடுகின்றாள். வண்டியின் சன்னல்களில் படைவீரர்களின் முகங்கள் தெரிகின்றன. ஓர் இளைஞனும் அவளும் ஒருவரையொருவர் நோக்குகின்றனர்; வண்டி நகர்ந்துவிடுகின்றது.

கணவன் மனைவி இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தும் பேசுவதில்லை. கணவர் படுக்கைக்கு வரும்போது மனைவி உறங்குவதுபோல் கிடக்கின்றாள். அவரது அசைவுகளை ஒலியாலும் நிழலாலும் மட்டுமே காண்போர் அறிகின்றனர். நால்வரும் ஒருசேர அமர்ந்து உண்ணும் காலை உணவுக் காட்சியிலும், நால்வரையும் ஒரே சட்டகத்தில் எரிசே காட்டவில்லை; ஒவ்வொருவர் முகமும் தனித்தனியே வந்து செல்கின்றது. சட்டக அமைப்பே இங்குப் பொருளாகின்றது. இதனைத் தணிக்கைக்கான மறைப்பு என்று கூற இயலாது. தணிக்கை வெட்டக்கூடிய எதுவும் அக்காட்சியில் இல்லை. குடும்பத்திற்குள்ளேயே புகுந்துவிட்ட தணிக்கையைத்தான் அது காட்டுகின்றது.

பெரியோர் குழந்தைகளுக்கு எதனையும் கற்பிப்பதில்லை என்பது இதன் பொருளன்று. தந்தை மகளிரைக் காட்டுக்கு அழைத்துச் சென்று, உண்ணத்தக்க காளான் எது, நச்சுக்காளான் எது எனக் காட்டுகின்றார். நச்சுக்காளானைத் தம் காலணியால் நசுக்குகின்றார். பள்ளியில், உறுப்புகள் கழற்றி மாட்டத்தக்க மரப்பலகை மனிதனுக்கு இதயம், நுரையீரல் முதலியவற்றை மாணவியர் பொருத்துகின்றனர். இறுதியில் எஞ்சிய கண்களைப் பொருத்துபவள் அனா. உறுப்புகளைச் சேர்த்து உயிர் ஆக்கும் ஃபிராங்கன்ஸ்டைனின் செயலை இக்காட்சி நினைவூட்டுவதுடன், பார்க்கும் ஆற்றலை வழங்குபவளாக அனாவை நிறுத்துகின்றது. எது நஞ்சு, எது உறுப்பு என்னும் அறிவு குழந்தைகளுக்கு வழங்கப்படுகின்றது. யார் யாரைக் கொன்றார், ஏன் கொன்றார் என்னும் அறிவு மட்டும் வழங்கப்படுவதில்லை.

அக்காளின் விடை

பெரியோர் விடையளிக்காத இடத்தில் இசபெல் விடையளிக்கின்றாள். சினிமாவில் எல்லாம் பொய், பூதமும் சாகவில்லை, சிறுமியும் சாகவில்லை என்று முதலில் உண்மையைச் சொல்கின்றாள். உடனேயே, பூதத்தைத் தான் உயிருடன் கண்டதாகவும், அது ஓர் ஆவி என்றும், ஊருக்கு அப்பால் வாழ்கின்றது என்றும், கண்களை மூடித் தன் பெயரைக் கூறி அழைத்தால் அது பேசும் என்றும் பொய் புனைகின்றாள். உண்மை அனாவை நிறைவுசெய்யவில்லை, பொய் நிறைவுசெய்கின்றது. தன் கேள்வியில் உள்ள துயரத்திற்கு முதல் விடையில் இடமில்லை என்பதே இதற்குக் காரணம். எல்லாம் பொய் என்றால் இரக்கத்திற்கும் இடமில்லை.

இசபெலைக் குறும்புக்காரச் சிறுமி என்று மட்டும் கடந்துவிட இயலாது. பூனையின் கழுத்தை அவள் மெல்ல நெரித்துப் பார்க்கின்றாள். அது கீறிய விரலின் குருதியை உதட்டில் பூசிக் கண்ணாடியில் பார்க்கின்றாள். பின்னர்த் தரையில் இறந்தவள்போல் கிடந்து தங்கையை அச்சுறுத்துகின்றாள். இறப்பை அவள் விளையாட்டாக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். வன்முறையோடு வாழப் பழகிவிட்ட சமூகத்தின் இளைய உறுப்பினள் அவள். அனா பழகவில்லை. ஒரே வீடு, ஒரே மௌனம், ஒரே திரைப்படம், விளைவுகளோ இரண்டு. சர்வாதிகாரம் குழந்தைகளை ஒரே அச்சில் வார்த்துவிடுகின்றது என்னும் எளிய முடிவை இவ்விருவர் வேறுபாடு மறுக்கின்றது.

தப்பியோடி வந்தவன்

ஊருக்கு அப்பால் வெட்டவெளியில், ஒரு கிணற்றை அடுத்துப் பாழடைந்த கொட்டில் ஒன்று உள்ளது. ஆவி வாழுமிடம் அதுவே என இசபெல் கூறியமையால் அனா அங்குத் தனியே செல்கின்றாள். ஒருநாள் ஓடும் தொடர்வண்டியிலிருந்து குதித்துக் காலில் அடிபட்ட ஒருவன் அக்கொட்டிலில் தங்குகின்றான். அவன் பெயர், கட்சி, குற்றம் எவையும் கூறப்படுவதில்லை. அனாவும் கேட்பதில்லை. அவள் ஆப்பிள் ஒன்றை நீட்டுகின்றாள். பின்னர் உணவும், தந்தையின் மேலங்கியும் கொண்டுவந்து தருகின்றாள். அம்மேலங்கியில் தந்தையின் இசைக்கடிகாரம் இருக்கின்றது. அவன் கைவித்தையால் கடிகாரத்தை மறைத்துக் காட்டி அவளைச் சிரிக்கவைக்கின்றான். ஏரிக்கரைச் சிறுமி பூதத்திற்குப் பூக்களைத் தந்த காட்சி, சொல்லப்படாமலேயே இங்கு மீண்டும் நிகழ்கின்றது.

அன்றிரவு தொலைவிலிருந்து கொட்டில் காட்டப்படுகின்றது. இருளில் துப்பாக்கிச் சுடர்கள் தெறிக்கின்றன, ஒலி அடங்குகின்றது. கொன்றவர் முகமும் காட்டப்படுவதில்லை. கொல்லப்பட்டவன் முகமும் காட்டப்படுவதில்லை. மறுநாள் தந்தை சிவில் காவற்படையினரால் அழைக்கப்படுகின்றார். சடலம் ஊர்ப் பொதுக்கூடத்தில், 'ஃபிராங்கன்ஸ்டைன்' திரையிடப்பட்ட அதே திரையின்கீழ்க் கிடத்தப்பட்டுள்ளது. சினிமாவில் எல்லாம் பொய் என்னும் இசபெலின் கூற்று இவ்வோர் இடத்தேர்வால் தகர்கின்றது. திரையில் நிகழ்ந்ததும் திரைக்குக் கீழே நிகழ்ந்ததும் ஒரே கேள்விக்கு உரியவை ஆகிவிடுகின்றன.

காலை உணவின்போது தந்தை கடிகாரத்தைத் திறக்கின்றார், இசை ஒலிக்கின்றது. அனா நிமிர்ந்து பார்க்கின்றாள். தந்தைக்குச் செய்தி தெரிந்துவிடுகின்றது; மகளுக்கும் தெரிந்துவிடுகின்றது. ஒரு சொல்லும் எழுவதில்லை. பிறகு அனா கொட்டிலுக்கு ஓடிக் குருதிக்கறையைக் காண்கின்றாள். பின்தொடர்ந்து வந்த தந்தை அழைக்க, அவள் அவரிடம் செல்லாமல் எதிர்த்திசையில் ஓடி மறைகின்றாள். தந்தை கொலையில் பங்குபெற்றவர் அல்லர். ஆயினும் கொலைக்குப்பின் வாய்மூடி இருந்தவர். குழந்தையின் அறவுணர்வில் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறிது.

அச்சமும் மருட்கையும்

அச்சம் தோன்றும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கினைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கின்றது. தெய்வப் பேய் முதலியவற்றால் வரும் அச்சமும், ஆளும் அதிகாரத்தால் வரும் அச்சமும் அங்கு ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. இப்படத்தின் மாந்தரை இவ்வரிசையில் நிறுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகின்றது. பெரியோரின் அச்சம் முழுவதும் இறையால் வந்தது. அனாவை அணுகுவது அணங்கு. இயல்பாக அணங்கைக் கண்டு அஞ்ச வேண்டியவள் குழந்தை. ஆனால் அவளிடம் மேலோங்குவது அச்சமன்று, மருட்கை. புதுமையும் பெருமையும் கண்டு வியக்கும் மெய்ப்பாடே அவளைக் கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் இருப்புப்பாதைக்கும் இட்டுச் செல்கின்றது.

காணாமற்போன இரவில் நீர்க்கரையில் பூதம் அனாவின் முன் தோன்றுகின்றது. நீரில் அவள் முகமும் அதன் முகமும் மாறித் தெரிகின்றன. அது அருகில் அமர்ந்து கை நீட்டும்போது அவள் உடல் நடுங்குகின்றது. அச்சம் அவளுக்கு இல்லை எனக் கூற இயலாது. ஆயினும் அவள் ஓடவில்லை. தந்தையைக் கண்டு ஓடியவள் பூதத்தைக் கண்டு ஓடவில்லை என்னும் முரணே படத்தின் உச்சம். அச்சத்திற்குள்ளும் மருட்கையைக் கைவிடாமை அவளது வலிமை. இறையச்சத்தால் மருட்கை முற்றும் வறண்டுபோனமை பெரியோரின் வீழ்ச்சி. ஓர் ஆட்சியின் தீமையை அது கொன்றவர் எண்ணிக்கையால் மட்டும் அளப்பதில் நிறைவில்லை; வாழ்வோரிடமிருந்து எந்த உணர்வுகளைப் பறித்தது என்பதாலும் அளக்க வேண்டும் என்பதைப் படம் இவ்வாறு உணர்த்துகின்றது.

மறதி என்னும் மருந்து

மறுநாள் காலை அனா கண்டெடுக்கப்படுகின்றாள். உண்ணாமலும் பேசாமலும் கிடக்கின்றாள். அவள் குழந்தை, வலிய பாதிப்பு ஒன்றுக்கு ஆளாகியுள்ளாள், உயிருடன் இருப்பதே முதன்மையானது, சிறிது சிறிதாக மறந்துவிடுவாள் எனும் பொருள்பட மருத்துவர் தாயைத் தேற்றுகின்றார். கொடுமை சிறிதும் இல்லாத, அன்பு நிறைந்த கூற்று இது. அதனாலேயே இது கருதத்தக்கது. மௌனம் அச்சுறுத்தலால் மட்டும் நிலைபெறுவதில்லை, தேறுதலாலும் நிலைபெறுகின்றது.

பிராங்கோவின் மறைவுக்குப்பின் ஸ்பெயின் மக்களாட்சிக்கு மாறியபோது, 1977ஆம் ஆண்டின் பொதுமன்னிப்புச் சட்டம் இருதரப்பாரின் கடந்தகாலக் குற்றங்களையும் விசாரணைக்கு அப்பாற்படுத்தியது. மறதியின் உடன்படிக்கை என வழங்கப்பட்ட அவ்வணுகுமுறை நீண்டகாலம் நீடித்தது. வரலாற்று நினைவுச் சட்டம் 2007இலும், மக்களாட்சி நினைவுச் சட்டம் 2022இலும்தான் இயற்றப்பட்டன. பிராங்கோவின் உடல் அவருடைய பெருநினைவிடத்திலிருந்து 2019 அக்டோபரில் அகற்றப்பட்டது. எரிசே இவற்றை முன்னுணர்ந்தார் என்று கூறுவது மிகை. ஆயினும் நாடு பின்னர்த் தேர்ந்துகொண்ட மருந்தை, 1973ஆம் ஆண்டிலேயே ஒரு மருத்துவரின் வாயில் வைத்து, அம்மருந்தைக் குழந்தை ஏற்கவில்லை என்பதையும் காட்டியவர் அவர்.

படத்தின் இறுதியில் இரவில் எழும் அனா, நீர் அருந்தி, சன்னலைத் திறந்து மேன்மாடத்தில் நிற்கின்றாள். அக்காள் கற்பித்தபடி கண்களை மூடித் தன் பெயரைச் சொல்லி ஆவியை அழைக்கும் குரல் ஒலிக்கின்றது. மறந்துவிடுவாள் என்ற கணிப்பு பொய்க்கின்றது. தன்னை அறிவிப்பதும் இல்லாதவனை அழைப்பதும் ஒரே செயலாக இங்கு இணைகின்றன. சொல்லாமையால் நிறைந்த வீட்டில், தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளும் ஒரே குரல் அது.

பின்வந்த படைப்புகள்

கார்லோஸ் சௌரா தம் 'காக்கைகளை வளர்த்தால்' (1976) படத்தில் அனா தொரெந்த்தை மீண்டும் ஆட்சியின் நிழலில் வளரும் சிறுமியாக்கினார். கில்லெர்மோ தெல் தோரோவின் 'பானின் புதிர்வழி' (2006) 1944ஆம் ஆண்டின் ஸ்பெயினில் ஒரு சிறுமியையும் மாய உயிர்களையும் இணைத்தது. ஆனால் அங்குக் கொடியவன் படைத்தலைவனாக வெளிப்படத் தோன்றுகின்றான். தீமைக்கு முகம் கிடைத்துவிடுகின்றது. எரிசேயின் படத்தில் தீமைக்கு முகமில்லை. அது காற்றுப்போல் எங்கும் உள்ளது. எரிசே 'தெற்கு' (1983) படத்தில் தந்தையின் மறைக்கப்பட்ட கடந்தகாலத்தை மகள் தேடும் கதையை எடுத்துக்கொண்டார். ஐம்பது ஆண்டுகள் கழிந்து 2023இல் வெளிவந்த 'கண்களை மூடு' படத்தில், நடுவயதினரான அனா தொரெந்த், நினைவிழந்த தந்தையின் முன் கண்களை மூடித் தன் பெயரைச் சொல்கின்றார். முன்பு ஆவியை நோக்கி எழுந்த அழைப்பு, இப்போது மறந்துபோன தந்தையை நோக்கி எழுகின்றது. மறதியை மருந்தெனக் கூறிய முதற்படத்திற்கு, மறதியே நோயாகிவிட்ட இப்படம் தொடர்ச்சியாக அமைகின்றது.

முடிவுரை

'தேன்கூட்டின் ஆவி' தணிக்கையை ஏமாற்றுவதற்காகப் புனையப்பட்ட மறைகுறித் தொகுப்பு அன்று. தேன்கூடு உள்ளுறையாக நின்று அடங்கிய வாழ்வைக் காட்டுகின்றது. ஆவி அவ்வுள்ளுறைக்கு அடங்காமல் இறைச்சிப் பொருளாக நின்று, அடக்கத்திற்கு அப்பாலும் உயிர்த்திருக்கும் ஒன்றை உணர்த்துகின்றது. மறைகுறியாக மட்டும் அமைந்திருந்தால், சர்வாதிகாரம் வீழ்ந்தவுடன் படத்தின் பொருளும் தீர்ந்திருக்கும். ஆட்சி மறைந்து அரை நூற்றாண்டு ஆன பின்னரும் அது பார்க்கப்படுவதற்குக் காரணம், அதன் மையத்தில் விடையன்றிக் கேள்வி இருப்பதே. ஏன் கொன்றது, அதனை ஏன் கொன்றார்கள் என்னும் இரு வினாக்களுக்கும் படத்தினுள் எவரும் விடை கூறவில்லை. வினவியவள் மறக்கவும் இல்லை. வெட்டப்பட்ட இடத்தைக் கண்டு கேட்கும் குழந்தை உள்ளவரை வெட்டியவர் நோக்கம் முழுமையாக நிறைவேறுவதில்லை என்பதே இப்படம் உணர்த்தும் பொருளாகும்.